டியூபில் பாம்புக்கடி

"மேடம், இது கொலை கேஸேதான். பாம்பு கடிச்சிருக்குது. பாருங்க, ரெண்டு பல்லும் பக்கத்துல பக்கத்துல பதிஞ்சிருக்கு. செத்தது ஒரு சைக்கிள் டியூப்பு, வயசு ஆறு மாசம்."

சாம்ராஜ் இப்படிச் சொன்னபோது காலை மணி பதினொன்றே கால். சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது 'ஸ்வர்ணலதா துப்பறியும் நிலையம்'. பெயர்ப்பலகை தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. இரண்டுக்கும் கீழே நாற்காலி ஒன்றுதான் உருப்படி. இன்னொன்றில் சாம்ராஜ் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் கால்கள் நாலும் நாலு திசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் பதினொரு வருடம் மாப்பிள்ளை விசாரணை செய்தவளுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, பழைய காதல் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். இவள் கண்டுபிடித்துச் சொல்வாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் பத்திரிகை வரும். அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தில்தான் அடுத்த கேஸின் குறிப்புகளை எழுதுவாள்.

இப்போதும் ஒரு மஞ்சள் பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"நீ சொல்லு கண்ணு. முதல்லருந்து சொல்லு."

அந்தப் பெண் ஹரிதா. வயது இருபத்திரண்டு. பாலசமுத்திரத்தில் கரும்பு வைத்திருக்கும் எத்திராஜின் ஒரே மகள். சைக்கிள் பந்தயக்காரி. டியூபைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டவளும் அவள்தான்.

"போன ஞாயித்துக்கெழம செலக்ஷன் ரேஸ், மேடம். சித்தூர்லருந்து திருப்பதி. ஸ்டேட் கேம்ப்புக்கு எங்க கிளப்லருந்து ஒருத்தர் பேருதான் போவும். பாகாலாவுல எல்லாரையும் பத்து நிமிஷம் நிறுத்தினாங்க. என் தண்ணி பாட்டில் உருண்டு யஸ்வந்த் அண்ணா சைக்கிள்கிட்ட போச்சு. குனிஞ்சு எடுத்தேன். அவ்ளோதான் நான் செஞ்சது."

"அதுக்கப்புறம்?"

"சந்திரகிரிக்கு முன்னாடி ஒரு எறக்கம். அவருதான் முன்னாடி போய்க்கினு இருந்தாரு. ஸ்பீட் பிரேக்கர் மேல ஏறினதும் அவரு முன் டயரு பொட்டுனு போயிட்ச்சு. வுழுந்தாரு. காறை எலும்பு உடைஞ்சிட்ச்சு. நான் ஃபர்ஸ்ட்டு வந்துட்டேன்."

"வந்ததுதான் தப்பாப் போச்சு," என்றான் சாம்ராஜ்.

"ஆமா அண்ணா. பாகாலாவுல நான் அவரு டயர்லருந்து காத்தை எறக்கிட்டேன்னு கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாரு. நான் குனிஞ்சிருக்கறதை யாரோ போட்டோ வேற எடுத்துக்கீறாங்க."

போட்டோவைக் காட்டினாள். பாட்டில் படத்துக்கு வெளியே போய்விட்டது. படத்தில் இருந்தது யஸ்வந்தின் முன் சக்கரம், அதில் காற்று அடிக்கும் வால்வு, வால்வுக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஹரிதாவின் கை. ஆயிரம் பேரைக் கூட்டி வைத்து எடுத்தால்கூட இவ்வளவு பொருத்தமாகத் திருட்டுக் கை படத்தில் விழாது.

"இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு போவுது. அதுக்குள்ள அவரு கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கலன்னா என் பேரை அடிச்சிடுவேன்னு கிளப் பிரசிடென்ட் ஹரிபிரசாத் சார் சொல்லிட்டாரு." ஹரிதா போட்டோவை எடுத்து உள்ளே வைத்தாள். "பேரு போனாக்கூட அடுத்த வருஷம் ஓட்டிக்கலாம் மேடம். எங்க நைனா என்னைப் பார்த்து, 'நெஜமா சொல்லு, செஞ்சியா?'ன்னு கேட்டுட்டாரு. அன்னையிலருந்து நான் அவருகூடப் பேசல. அவரும் எங்கூடப் பேசல. எட்டு நாளாவுது."

அழவில்லை. அழுதிருந்தால் சாம்ராஜுக்குச் சமாளிக்கத் தெரியும். டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைப்பான். அழாமல் நிற்பவர்களை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. வாயில் வந்த அடுத்த நகைச்சுவையை விழுங்கிக்கொண்டான்.

ஸ்வர்ணலதா டியூபை விரலில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். சைக்கிள் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஸ்டாண்டு போடுவது மட்டும்தான். ஆனால் எண்ணத் தெரியும்.

"ஆணி குத்தினா ஒரு ஓட்டை விழும். இதுல ரெண்டு இருக்குது. யாருக்குத் தெரியும் இது?"

"எங்க எல்லாருக்கும் காத்து புடிக்கிற இயேசுதாசன் அண்ணாவுக்குத் தெரியும். வண்டியும் அவருகிட்டதான் இருக்குது. இந்த டியூபும் அங்கருந்து எடுத்தாந்ததுதான்."

"கெளம்பு சாம்."

சாம்ராஜ் எழுந்தான். நாற்காலி பெருமூச்சு விட்டது.

*

இயேசுதாசனின் கடை சர்ச்சுக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்துக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருந்தது. மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். கோபம் மட்டும் எப்போதும் ஏற்றி வைத்த டியூப் மாதிரி விறைப்பாக இருக்கும். சுவரில் வசன காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் ஆளின் எடை, இன்னொரு பக்கம் காற்றின் அளவு.

டியூபைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "பாம்புக்கடி."

"நானும் அதையேதான் சொன்னேன்!" என்று சாம்ராஜ் துள்ளினான்.

"நீங்க வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பீங்க பிரதர். நாங்க தொழில்ல சொல்ற பேரே அதுதான். காத்து கம்மியா இருந்து வண்டி ஒரு மேட்டுல மோதிச்சுன்னா டயர் நசுங்கும். உள்ள இருக்கற டியூபை ரிம்மோட ரெண்டு ஓரமும் சேர்ந்து கடிக்கும். அதான் ரெண்டு பல்லு."

"அப்போ நீங்க காத்து கம்மியா அடிச்சிட்டீங்க."

இயேசுதாசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்தது நல்லதுதான் என்று சாம்ராஜ் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

"பிரதர், என்னைப் பிசாசு புடிச்சாலும் புடிக்கும், நான் காத்து தப்பாப் புடிக்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரே கரண்டியில ஊத்தறதுக்கு இது என்ன சாம்பாரா? இந்த ரேஸ் வண்டிக்கெல்லாம் ஆளோட எடையைப் பார்க்கணும், டயரோட அகலத்தைப் பார்க்கணும். அதிகமா அடிச்சா வண்டி குதிக்கும், திருப்பத்துல வழுக்கும். கம்மியா அடிச்சா இப்படிக் கடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது பாருங்க, அதைக் கண்டுபுடிக்கத்தான் நான் இருக்கேன்." அட்டவணையை விரலால் தட்டினார். "எல்லாருக்கும் இருபத்தெட்டு மில்லி டயரு. இதோ ஹரிதா, அம்பத்திமூணு கிலோ. முன்னாடி அம்பத்தஞ்சு பாயிண்ட், பின்னாடி அறுபது. பின் சக்கரத்துமேலதானே பாரம் அதிகம்? அங்க கொஞ்சம் கூட வைக்கணும். யஸ்வந்த், எழுபத்தொரு கிலோ. முன்னாடி எழுபது, பின்னாடி எழுபத்தஞ்சு. ரேஸ் அன்னைக்குக் காலையில அஞ்சரைக்கு என் கையால புடிச்சேன்."

"சாட்சி?" என்றாள் ஸ்வர்ணலதா.

"பின் சக்கரமே சாட்சி. வுழுந்த வண்டியை அன்னைக்குச் சாயந்திரமே இங்க கொண்டாந்து போட்டாங்க. கேஜ் வெச்சுப் பார்த்தேன். எழுபத்துநாலு. ஒரு பாயிண்ட் தானா எறங்கும், அது கணக்கு."

"முன்னாடியும் அதேமாதிரி எழுபது சரியா இருந்திருக்கும்?"

"சத்தியமா இருந்திருக்கும்."

"எழுபத்தொரு கிலோ ஆளு, எழுபது பாயிண்ட் காத்து. அந்த ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா டியூபைக் கடிக்குமா?"

"சான்ஸே இல்லம்மா. நடுவுல யாராவது காத்தை எறக்கியிருந்தாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் ஹரிதாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

சாம்ராஜ் தன் முதலாளியின் காதோரம் குனிந்தான். "மேடம், நாம இந்தப் பொண்ணைக் காப்பாத்த வந்தோமா, கைவிலங்கு மாட்ட வந்தோமா? இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா ஜெயிலுக்கு நாமளே ஆட்டோ புடிச்சுக் குடுத்துடலாம்."

ஸ்வர்ணலதாவின் பார்வை கடையின் மூலைக்குப் போயிருந்தது. அங்கே ஆறு கம்பிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, 'யஸ்வந்த்' என்று சீட்டு ஒட்டித் தொங்கவிட்டிருந்தது.

"அது என்ன?"

"அது யஸ்வந்த் வண்டியோட பழைய ஸ்போக்குங்க. பின் சக்கரத்துல இருந்தது. மூணு மாசத்துல ஆறு ஒடைஞ்சிடுச்சு. கேட்டா ரோடு சரியில்லம்பாரு."

"ஹரிதாவுக்கு எத்தனை உடைஞ்சுது?"

"ஒண்ணுகூட இல்ல."

"அவளும் அதே ரோட்டுலதானே ஓட்டறா?"

இயேசுதாசன் கம்பிக் கட்டை எடுத்து மறுபடி எண்ணிப் பார்த்தார்.

"எழுபத்தொரு கிலோன்னு யார் எடை போட்டாங்க?" என்றாள் ஸ்வர்ணலதா.

"யாரு போடுவாங்கம்மா? கிளப் ஃபாரத்துல அவங்கவங்க எழுதிக் குடுக்கறதுதான். நான் அதைப் பார்த்துக் காத்து புடிக்கிறேன்."

இங்கேதான் சாம்ராஜின் மூளையில் விளக்கு எரிந்தது. துப்பறியும் தொழிலில் அவனுக்குப் பல விஷயங்கள் தெரியாது. கைரேகை தெரியாது, ரத்தப் பரிசோதனை தெரியாது. ஆனால் உடல் எடையைப் பற்றிப் பொய் சொல்வது எப்படி என்ற ஒரு பாடத்தில் அவனை ஜெயிக்க அந்த மாவட்டத்தில் ஆளில்லை.

"மேடம், அனுபவஸ்தன் சொல்றேன், கேளுங்க. எடையில பொய் சொல்றவன் எழுபதுன்னு சொல்ல மாட்டான். எழுபதுன்னா குத்துமதிப்பா சொல்றான்னு தெரிஞ்சிடும். எழுபத்தொண்ணுன்னு சொன்னாத்தான் நேத்து மெஷின்ல ஏறிப் பார்த்தவன் மாதிரி இருக்கும். அந்த ஒண்ணுலதான் மொத்த பொய்யும் நிக்குது."

"அப்படியா? உன் எடை எவ்வளவு சாம்?"

"தொண்ணூத்தொண்ணு மேடம்," என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹரிதா எட்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். ஸ்வர்ணலதா மட்டும் சிரிக்காமல் பத்திரிகையின் பின்பக்கத்தில் 71 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு கேட்டாள்: "எழுபது பாயிண்ட் காத்து எத்தனை கிலோவுக்குக் கடிக்க ஆரம்பிக்கும்?"

"எண்பதைத் தாண்டினா நான் கர்த்தரைக் கூப்பிடுவேன்," என்றார் இயேசுதாசன். "எண்பத்தஞ்சுக்கு மேல போச்சுன்னா அவரும் கையை விரிச்சிடுவாரு."

*

ஒரு மனிதனை அவனுக்குத் தெரியாமல் எடை போடுவது எப்படி?

யஸ்வந்தைத் தேடித் திருப்பதிக்குக் கிளம்பிய ஸ்வர்ணலதாவின் பழைய ஆல்டோ பூதலப்பட்டைத் தாண்டும்வரை இந்தக் கேள்விதான் காருக்குள் ஓடியது. சாம்ராஜ் மூன்று யோசனைகள் சொன்னான். லிஃப்ட்டில் ஏற்றலாம், ஆனால் யஸ்வந்தின் வீடு தரைத்தளம். இரண்டு பேராகத் தூக்கிப் பார்க்கலாம். ஆனால் காறை எலும்பு உடைந்தவனைத் தூக்கினால் அடுத்த கம்ப்ளெயின்ட் தன்மேல் வரும். மூன்றாவது யோசனை அவன் மடியிலேயே இருந்தது. வீட்டு பீரோவுக்கு அடியில் இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்த எடை மெஷின்.

"இது வேலை செய்யுமா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"செய்யாம என்ன மேடம்? வாங்கினதுலருந்து ரெண்டே தரம்தான் ஏறியிருக்கேன். ரெண்டாவது தரம் மெஷின் பொய் சொல்லுதான்னு பார்க்க ஏறினது."

பின் சீட்டில் ஹரிதா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாம்ராஜ் நீட்டிய சமோசாவை வேண்டாம் என்றாள். "சந்திரகிரி வருது அண்ணா. இந்த எடத்துலதான் வுழுந்தாரு," என்று சாலையைக் காட்டினாள். கார் அந்த ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது. சாதுவான, மஞ்சள் கோடு போட்ட ஸ்பீட் பிரேக்கர். இது ஒரு டியூபைக் கடிக்க வைத்தது என்றால் பக்கத்து ஆடுகூட நம்பாது.

திருப்பதி பவானி நகரில் யஸ்வந்தின் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி மூன்றே முக்கால்.

யஸ்வந்த் ஆறடி உயரம். இருபத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். இடது கையை மார்போடு கட்டித் தொங்கவிட்டு, மேலே ஒரு தொளதொள ஜிப்பா போட்டிருந்தான். அந்த ஜிப்பாவுக்குள் எழுபத்தொரு கிலோவும் இருக்கலாம், ஒரு சின்னக் குடும்பமும் இருக்கலாம். உயரமானவர்களுக்குக் கடவுள் கொடுத்த வசதி அது என்று சாம்ராஜ் பொறாமைப்பட்டான்.

ஹரிதாவைப் பார்த்ததும் யஸ்வந்தின் முகம் மாறியது. "இவ எதுக்கு வந்தா?"

"அவ கேக்கத்தான் வந்திருக்கா தம்பி, பேச வரல," என்றாள் ஸ்வர்ணலதா. "நடந்ததை உங்க வாயால ஒருதரம் சொல்லுங்க, போதும்."

"எதுவா இருந்தாலும் சோஃபாவுல உக்காந்து பேசலாமே சார்," என்று சாம்ராஜ் உபசாரம் செய்தான், தன் வீடு மாதிரி. "கட்டில்ல சாஞ்சு பேசினா எலும்புக்கு ஆகாது. இங்க வெளிச்சமும் இருக்கு."

அவன் ஹரிதாவை முறைத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே சோஃபா மெத்தைக்கு அடியில் எடை மெஷின் குடியேறியிருந்தது. யஸ்வந்த் உட்கார்ந்தான். சாம்ராஜ் பேனாவைக் கீழே போட்டான், எடுக்கக் குனிந்தான், மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

ஐம்பத்தெட்டு.

மறுபடி பேனா விழுந்தது. மறுபடி ஐம்பத்தெட்டு. கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு சோஃபாவின் கைப்பிடியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனை உலகத்தின் எந்த மெஷினும் முழுசாக எடை போடாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிமிர்ந்து ஸ்வர்ணலதாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். எழுபத்தொன்றைப் பொய் என்று நிரூபிக்க வந்தவர்கள், ஆளை இன்னும் பதின்மூன்று கிலோ இளைக்க வைத்துவிட்டார்கள்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்," என்று யஸ்வந்த் ஆரம்பித்தான். "என் எடைக்குக் கரெக்டான காத்து இருந்தது. மெக்கானிக்கே சொல்றாரு. பாகாலாவுல இவ குனிஞ்சா. போட்டோ இருக்குது. அப்புறம் டயர் போச்சு. இதுல துப்பறிய என்ன இருக்குது?"

அந்த நேரத்தில்தான் அவன் அம்மா சுலோசனா ஒரு தட்டில் லட்டும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். நகரிப் பக்கத்துக்காரர். வந்தவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சாப்பாடு போடும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"எடுத்துக்கோங்கம்மா. மலைப் பிரசாதம். எடுத்துக்கோ தம்பி, ஒடம்புக்கு ஏத்த மாதிரி ரெண்டா எடுத்துக்கோ." தட்டை நீட்டியவர் சோஃபாவை உற்றுப் பார்த்தார். "இன்னாடா, மெத்தைக்கு அடியில இன்னாவோ பெட்டி துருத்திக்கினு கீது?"

யாரும் தடுக்கும் முன்னால் மெத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். எடை மெஷின் வெளியே வந்தது. யஸ்வந்த் எழுந்து நின்றான். சாம்ராஜ் கூரையைப் பார்த்தான். அங்கே ஒரு மின்விசிறி இருந்தது; அதில் அவனுக்குத் திடீரென்று மிகுந்த ஆர்வம் உண்டாகிவிட்டது.

சுலோசனா கோபப்படவில்லை. சிரித்தார். "இவன் எடையா வேணும்? அதுக்கு ஏன் தம்பி இந்த டப்பாவைத் தூக்கிக்கினு வந்த? என்னைக் கேட்டா சொல்ல மாட்டனா? இப்பதானே மலைமேல பார்த்துட்டு வந்தோம்."

"அம்மா!" என்றான் யஸ்வந்த்.

"இன்னாடா அம்மா? சாமி காரியத்தைச் சொல்றதுக்கு இன்னா வெக்கம்? இவனுக்கு வேலை கெடைச்சா எடைக்கு எடை கற்கண்டு துலாபாரம் குடுக்கறேன்னு வேண்டிக்கினேம்மா. ரேஸுக்கு மூணு நாள் முன்னாடி, வியாழக்கெழம போனோம். எழுபத்தொண்ணுதான் இருப்பேன்னு சொல்லிட்டு ஜம்முனு தராசுல ஏறி உக்காந்தான். எழுபத்தொரு கிலோ வெச்சாங்க. தட்டு அசையல. இன்னும் வைங்கன்னேன். அசையல. பின்னாடி நிக்கறவங்கள்லாம் கோவிந்தா கோவிந்தான்னு கத்தறாங்க, இவன் தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்துக்கினு கீறான். கடைசியில எண்பத்தெட்டு கிலோவுக்குத்தான் பெருமாள் எறங்கி வந்தாரு." தட்டிலிருந்த கற்கண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எண்பத்தெட்டு! எங்க சொந்தத்துலயே யாரும் இவ்ளோ குடுத்ததில்ல."

ஊரெல்லாம் மறைத்த எடையை அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றார். மனுஷனுக்குக் காட்டும் கணக்கில் பதினேழு கிலோவைக் குறைக்கலாம். பெருமாளுக்குக் கொடுத்ததில் ஒரு கற்கண்டைக் குறைத்துச் சொல்லக்கூட சுலோசனாவுக்கு மனம் வராது. அது அவர் பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"அது... அந்தத் தராசு ரொம்பப் பழசும்மா," என்றான் யஸ்வந்த் பலவீனமாக.

"டேய்!" சுலோசனா தட்டை மேஜைமேல் டக்கென்று வைத்தார். "ஏழுமலையான் தராசைப் பழசுன்றியா? கன்னத்துல போட்டுக்க! போட்டுக்கடா!"

ஒரு கை கட்டுப்போட்டுக் கிடந்ததால் யஸ்வந்த் ஒரு கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டான். சாம்ராஜுக்கு இன்னொரு கன்னத்துக்குத் தான் உதவலாமா என்று கை துறுதுறுத்தது.

ஸ்வர்ணலதா பத்திரிகையைத் திருப்பினாள். வட்டம் போட்ட 71-க்குப் பக்கத்தில் 88 என்று எழுதி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தம்பி, எண்பத்தெட்டு கிலோ ஆளுக்கு எழுபது பாயிண்ட் பத்தாது. உங்க வண்டி காலையில சித்தூர்ல கெளம்பும்போதே காத்து கம்மியாத்தான் கெளம்பியிருக்குது. பாகாலாவுல அதை யாரும் எறக்கத் தேவையே இல்ல. மூணு மாசத்துல ஆறு ஸ்போக் உடைஞ்சுதே, அதையும் ஹரிதாதான் ராத்திரி வந்து உடைச்சிட்டுப் போனாளா?"

யஸ்வந்த் சோஃபாவில் உட்கார்ந்தான். இந்த முறை முழு எடையோடு உட்கார்ந்தான்.

"மொதல்ல நெஜமாவே இவதான்னு நெனைச்சேன் மேடம்," என்றான். "சத்தியமா. வலியில இருந்தேன், போட்டோவைக் காட்டினாங்க, நம்பிட்டேன். ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு ஃபோன்ல எடையும் காத்தும் போட்டுப் பார்த்தேன். எண்பத்தெட்டுன்னு போட்டதும் எண்பத்தஞ்சு பாயிண்ட் வேணும்னு வந்தது. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்பவே தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"கல்யாணத்துக்குக் குடுத்த பயோடேட்டாவுல எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கேன். பொண்ணு பேரு நந்திதா. அவ மாமாதான் எங்க கிளப் பிரசிடென்ட். கிளப் ஃபாரத்துல வேற எடை எழுதினா அவரு பார்த்துட மாட்டாரா? அதனால அங்கயும் அதையே எழுதினேன். இப்போ எண்பத்தெட்டுன்னு சொன்னா பொய்யன்னு நெனைச்சு சம்பந்தத்தையே..."

அவன் முடிக்கவில்லை. அதுவரை சுவரோரம் நின்ற ஹரிதா முன்னால் வந்தாள்.

"உங்க கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு என்னைத் திருடி ஆக்கிட்டீங்களா அண்ணா? ஆறு நாளா தெரிஞ்சுக்கினே இருந்தீங்களா? நான் தெனம் காலையில நாலு மணிக்கு எழுந்து ஓட்டினது இதுக்கா? எனக்கு உங்க மேல கோவம் இல்லன்னு பெரிய மனசா சொல்லிட்டுப் போவ மாட்டேன். எனக்கு ரொம்பக் கோவமா கீது."

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சுலோசனா மகனுக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஃபோனை எடுத்துக் கையில் கொடுத்தார். "பேசு," என்றார்.

மணி நாலு நாற்பது. ஸ்பீக்கரில் ஹரிபிரசாத்தின் குரல் வந்தது. யஸ்வந்த் எல்லாவற்றையும் சொன்னான், திக்கித் திக்கி, எண்பத்தெட்டை இரண்டு முறை சொன்னான்.

"அரே யஸ்வந்த், இதுக்காகவா ஒரு பொண்ணு பேரைக் கெடுத்தே? சிக்கு லேதா நீக்கு? வெக்கமா இல்ல?" குரல் உறுமியது. "ஹரிதா பேரு இப்பவே போகுது. உன் கம்ப்ளெயின்ட்டைக் கிழிச்சுப் போடறேன். நாளைக்குக் கிளப்புல எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்பு கேக்கற, ஆமா."

"கேக்கறேன் சார். நந்திதாகிட்ட..."

"அவகிட்ட என்னத்தைச் சொல்றது? பொண்ணு பார்க்க வந்துட்டுப் போன அன்னைக்கே, 'மாமா, அவரு எண்பத்தஞ்சுக்குக் கொறைய மாட்டாரு, பரவால்ல, எனக்குப் புடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டா. பொண்ணுங்களுக்குக் கண்ணு இல்லன்னு நெனைச்சியா? இப்போ இந்தக் கதையைக் கேட்டுட்டு என்ன சொல்லுவாளோ, அது உன் தலையெழுத்து."

லைன் அறுந்தது. யஸ்வந்த் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருமே கேட்காத ஒரு பொய்க்காகக் காறை எலும்பையும் கொடுத்து, கௌரவத்தையும் கொடுத்துவிட்டான். சாம்ராஜுக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. தானும் இதே பாதையில் வருடக்கணக்காக நடப்பவன் ஆயிற்றே.

"வேலை முடிஞ்சுது. கெளம்பலாம் கண்ணு," என்றாள் ஸ்வர்ணலதா.

ஹரிதா நகரவில்லை. "இன்னும் ஒரு ஃபோன் கீது மேடம்." யஸ்வந்தைப் பார்த்தாள். "எங்க நைனாகிட்டயும் சொல்லுங்க. இதே மாதிரி, மொத்தமா சொல்லுங்க."

எண்ணை அவளே சொன்னாள். மணி நீளமாக அடித்தது. எடுத்தவரின் பின்னால் கரும்புத் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யஸ்வந்த் சொல்லச் சொல்ல, யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். எத்திராஜ் திட்டுவார் என்று சாம்ராஜ் காத்திருந்தான். திட்டவில்லை.

"எம் பொண்ணு அங்க கீதா?" என்றார்.

"இருக்காங்க ஐயா."

"அவகிட்ட குடு."

ஹரிதா ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரை நிறுத்த மறந்துவிட்டாள். அதனால் அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"உன்னைக் கேட்டிருக்கவே கூடாதும்மா," என்றார் எத்திராஜ். "யாரு இன்னா சொன்னாலும், நான் உன்னைக் கேட்டிருக்கவே கூடாது. அது என் தப்புதான்."

எட்டு நாள் அழாதவள் இப்போது அழுதாள். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, நின்ற இடத்தில் நின்று அழுதாள். சுலோசனா தன் முந்தானையை எடுத்துக் கொடுத்தார். ஹரிதா அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனில் சொன்னாள்:

"சரி நைனா. நான் வந்துக்கினே கீறேன். சோறு ஆக்கி வை. எட்டு நாளா சரியா துன்னல."